முந்நூறு மீட்டருக்குள் யாரும் இல்லையா? காஞ்சிபுரம் மாவட்டத்தின் கல்குவாரிக் குழிகளும் பதிவேட்டில் இல்லாத குடியிருப்புகளும்

2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. சென்னைக் குடிநீர் வாரியம் அப்போது தண்ணீர் தேடிச் சென்ற இடங்களுள் ஒன்று, காஞ்சிபுரம் மாவட்டத்தில் மாங்காட்டை அடுத்துள்ள சிக்கராயபுரம். கைவிடப்பட்ட 22 கல்குவாரிக் குழிகள் அங்கே இருந்தன. பாறையை வெட்டி எடுத்தவர்கள் போன பிறகு மழைநீரும் ஊற்றுநீரும் சேர்ந்து அவை ஆழமான குளங்களாக மாறியிருந்தன. நீர் ஆய்வு செய்யப்பட்டது, குழாய்கள் பதிக்கப்பட்டன, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கோடி லிட்டர் நீர் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு நகரத்துக்கு வழங்கப்பட்டது. 2019 வறட்சியிலும் அதே குழிகள் சென்னைக்குக் கைகொடுத்தன.

நெருக்கடியான நேரத்தில் அரசு எடுத்த அந்த நடவடிக்கையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நகரத்தின் ஏழைகளுக்கும் அந்த நீர் தேவைப்பட்டது. ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. குழியில் நீர் இருக்கிறது என்பதை ஆய்வு செய்யவும், அளக்கவும், குழாய் பதிக்கவும் சில வாரங்களில் முடிந்த நிர்வாகத்துக்கு, ஒரு குழியின் விளிம்பில் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்பதைக் குவாரி தொடங்கும் முன்பே கணக்கெடுக்க ஏன் முடிவதில்லை? பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற இம்மாவட்டம் சென்னைப் பெருநகரின் கட்டடங்களுக்குக் கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் தருகிற மாவட்டமும் ஆகும். உத்திரமேரூர், வாலாஜாபாத், குன்றத்தூர் வட்டங்களின் குன்றடிகளில் தலித் மக்களும் இருளர் பழங்குடியினரும் வாழும் குடியிருப்புகள் பல. அவர்களைக் காக்க ஒரு விதி இருக்கிறது. அவ்விதியின் சொற்களே அவர்களில் பலரைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

குழிக்குள் நீர் வரும் வழி

முதலில் நீரின் கதையைப் பார்ப்போம். உலகின் பல பகுதிகளில் சுண்ணாம்புப் பாறை நிலங்கள் உள்ளன. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு மெல்லிய அமிலத்தன்மை பெறும் மழைநீர், பாறையின் விரிசல்கள் வழியாக இறங்கி, பல்லாயிரம் ஆண்டுகளில் அதைக் கரைத்து நிலத்துக்கடியில் குகைகளை உண்டாக்குகிறது. இவ்வகை நிலத்தை நிலவியலார் கார்ஸ்ட் என்பர். மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கிரெம் லியாட் பிரா குகை அப்படி உருவானது. இத்தகைய நிலத்தில் ஓரிடத்தில் சுரங்கம் தோண்டினால் அதன் விளைவு வெகுதொலைவிலும் தெரியும். நிலத்தடி வழிகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ஊற்று வற்றலாம். குகையில் வெள்ளம் புகலாம். ஆற்றில் அமிலம் கலக்கலாம்.

அதே ஜைந்தியா மலைப்பகுதியில் 2018 டிசம்பர் 13 அன்று, க்சான் என்னுமிடத்தில் இருந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 15 தொழிலாளர்கள் சிக்கினர். எலிவளைச் சுரங்கங்களுக்கு 2014 ஏப்ரலிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்திருந்தது. கடற்படையும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் வாரக்கணக்கில் முயன்றும் பெரும்பாலானோரின் உடல்கள் மீட்கப்படவே இல்லை. அருகிலுள்ள பழைய சுரங்கங்கள் எங்கெங்கே இருந்தன, அவற்றில் எவ்வளவு நீர் நின்றது என்பதைக் காட்டும் முறையான வரைபடம் மீட்கச் சென்றவர்களிடம் இல்லை. சட்டத்துக்குப் புறம்பான அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை. காகிதத்தில் அந்தச் சுரங்கமே இல்லை என்பதால் அதில் உழைத்தவர்களும் இல்லாதவர்களாகவே இருந்தனர்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் பாறை வேறு வகையானது. சென்னையை ஒட்டிய பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பகுதிகளில் காணப்படும் கருநீலப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரை இதற்குச் சூட்டினார். காஞ்சிபுரம் மாவட்டத்துக் குவாரிகளில் வெட்டப்படுவதும் பெரும்பாலும் இத்தகைய கடினப் பாறையே. இது நீரில் கரைவதில்லை. இதற்குள் இயற்கையாகக் குகை உருவாவதும் இல்லை. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இத்தகைய கடினப் பாறைகளின் மேல்தான் அமைந்திருக்கிறது. மேலே சிதைந்த மண்ணடுக்கிலும் அதற்குக் கீழே பாறையின் விரிசல்களிலும் மட்டுமே நிலத்தடி நீர் தங்கும்.

ஆகவே ஜைந்தியா மலையில் நீர் பல்லாயிரம் ஆண்டுகளில் குடைந்ததை, இங்கே வெடியும் பொக்லைனும் இருபது ஆண்டுகளில் குடைந்துவிடுகின்றன. குவாரி ஆழமாகும்போது அது அந்த விரிசல்களை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. ஊர்க் கிணற்றின் அடிமட்டத்தைவிடக் குழியின் அடிமட்டம் தாழ்ந்துவிட்டால் கிணற்றுக்கு வரவேண்டிய நீர் குழிக்குப் போகிறது. வேலை நடக்க வேண்டும் என்பதற்காக அந்நீர் மோட்டார் வைத்து வெளியேற்றப்படுகிறது. மண்மேடுகளும் லாரிப் பாதைகளும் ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்களை மறித்துவிட்டால் மேல்நீரும் குறைகிறது. ஏரிகளால் வாழும் மாவட்டம் என்று பெயரெடுத்த நிலத்தில் இது சிறிய இழப்பன்று.

இந்த இழப்பு அனைவர் மீதும் சமமாக விழுவதில்லை. நிலமும் பணமும் உள்ளவர் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் நூறடி இறக்கிக்கொள்வார். நிலமற்ற குடும்பம் நம்பியிருப்பது அடிபம்பையும் மேல்நிலைத் தொட்டியையும்தான். அடிபம்பில் நீர் வராதபோது குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது பெரும்பாலும் பெண்களே. ஊர்ப் பகுதியின் கிணற்றிலோ பம்புசெட்டிலோ நீர் எடுக்கப் போகும்போது அங்கே சாதியும் காத்திருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று மகாடின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அருந்தியது எந்த உரிமைக்காகவோ, அந்த உரிமை வேங்கைவயலில் 2022 டிசம்பரில் எப்படி அவமதிக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடவில்லை. தன் குடியிருப்பிலேயே நீர் கிடைப்பது தலித் குடும்பத்துக்கு வசதி சார்ந்த விஷயம் மட்டுமன்று. தன்மானத்தின் பாதுகாப்பும் அதுவே.

குவாரி மூடப்பட்ட பின்னரும் நிலை சீராவதில்லை. குழி நிரம்புகிறது, ஆனால் அந்த நீர் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே, நூறடிக்கும் கீழான ஆழத்தில் நிற்கிறது. படித்துறை இல்லை, பெரும்பாலும் வேலியும் இல்லை. கோடை விடுமுறைக் காலத்தில் கல்குட்டையில் மூழ்கிச் சிறுவர்கள் இறந்த செய்தி ஏதேனும் ஒரு மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கிறது. சுரங்கச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 1961-ஆம் ஆண்டு விதிகள் திறந்தவெளிச் சுரங்கங்களின் விளிம்புக்கு வேலி கட்டாயம் என்கின்றன. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் எதிர் அரியானா மாநிலம் வழக்கில், சிறுகனிமக் குவாரிகளுக்கும் அவற்றின் பரப்பு எவ்வளவு சிறிதாயினும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இருந்தும், கல்குவாரிகளின் சுரங்கத் திட்ட அறிக்கைகளில் மூடல் பற்றி வழக்கமாகக் காணப்படும் வாசகம் இதுதான்: வேலி அமைத்து, குழி மழைநீர்ச் சேமிப்பிடமாக விடப்படும். யாருக்காகச் சேமிப்பது, யார் பராமரிப்பது, யார் எடுக்கலாம் என்ற விவரங்களுக்கு அங்கே இடமிருப்பதில்லை.

உயிரிழப்புகளின் வரிசை

இம்மாவட்டத்தில் 2021 பிப்ரவரியில் உத்திரமேரூர் பகுதியைச் சார்ந்த மதூர் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர் உயிரிழப்பு நேர்ந்தது. 2022 மே 14 இரவு திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் ஏறத்தாழ 300 அடி ஆழக் குவாரியில் பாறை சரிந்து 6 பேர் சிக்கினர், நால்வர் இறந்தனர். 2025 மே 20 அன்று சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் நேர்ந்த பாறைச் சரிவு 6 உயிர்களைப் பறித்தது. ஒவ்வொரு விபத்துக்குப் பின்பும் ஆய்வு, இழப்பீடு, சில குவாரிகளுக்குத் தற்காலிகத் தடை என்று நடைமுறை ஒன்று உண்டு. குழிக்குள் இறந்தவர் தொழிலாளராகவாவது எண்ணப்படுகிறார். குழிக்கு வெளியே தூசியால் இருமுகிறவரும், வெடி அதிர்வில் சுவர் விரிசல் கண்டவரும், கிணறு வற்றியவரும் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

விதியின் சொற்கள்

1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் 36-ஆவது விதி இங்கே முக்கியமானது. குடியிருப்பிடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை வழங்கக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்தில் இத்தொலைவு வெறும் 50 மீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டின் விதி எவ்வளவோ மேல் என்றே தோன்றும். ஆனால் குடியிருப்பிடம் என்றால் என்ன என்பதற்கு அவ்விதி தரும் விளக்கத்தைப் படிக்கவேண்டும். வருவாய்த்துறைப் பதிவேடுகளில் கிராம நத்தமாகவோ நகரக் குடியிருப்பாகவோ வீட்டுமனையாகவோ குறிக்கப்பட்ட இடம், அல்லது உள்ளாட்சி அமைப்போ நகரமைப்புத் திட்டக் குழுமமோ ஒப்புதல் அளித்த மனைப்பிரிவு என்பதே அந்த விளக்கம்.

மனிதர்கள் வாழ்கிறார்களா என்று விதி கேட்கவில்லை. அவர்கள் வாழும் இடம் பதிவேட்டில் மனையாக இருக்கிறதா என்றே கேட்கிறது. குத்தகை விண்ணப்பத்தோடு சேர்க்கப்படும் கிராம நிர்வாக அலுவலரின் 300 மீட்டர் சுற்றளவுச் சான்றும் இந்த அடிப்படையில்தான் எழுதப்படுகிறது. குன்றடியில் கல்லாங்குத்துப் புறம்போக்கிலோ ஏரிக்கரையிலோ மலைப் புறம்போக்கிலோ முப்பது ஆண்டுகளாகக் குடிசை கட்டி வாழும் இருபது இருளர் குடும்பங்கள் வரைபடத்தில் ஒரு புள எண்ணாக மட்டுமே தெரிவார்கள். அந்தப் புல எண்ணுக்கு எதிரே புறம்போக்கு என்று எழுதப்பட்டிருக்கும். அலுவலர் பொய்ச் சான்று தரவேண்டிய தேவையே இல்லை. பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினாலே அந்த மக்கள் மறைந்துபோகிறார்கள். இதே மாவட்டத்தில் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவில் இன்னும் ஒரு வீடுகூட எழும்பாத காலி மனைகளுக்கு அதே விதியின் முழுப் பாதுகாப்பு உண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பேசுவதற்கான வாய்ப்பும் பல நேரங்களில் கிடைப்பதில்லை. 5 ஹெக்டேருக்கு மேற்படாத, அருகிலுள்ள குவாரிகளோடு சேர்த்துக் கணக்கிட்டாலும் அந்த அளவைத் தாண்டாத குத்தகைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி நடைமுறையில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு இல்லை. சான்றில் இல்லாதவர்களுக்குச் சொல்ல ஒரு மேடையும் இல்லாமற் போகிறது.

மனை இல்லாதவர் யார்?

ஏன் இவர்களிடம் மனைப்பட்டா இல்லை? இதற்கான விடை இம்மண்ணிலேயே 130 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டுவிட்டது. அப்போது காஞ்சிபுரமும் உள்ளடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், 1891-இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். 1892-இல் பிறந்த பஞ்சமி நில ஆணையோடு அந்த அறிக்கையை நாம் எப்போதும் இணைத்தே நினைவுகூர்கிறோம். ஆனால் அதில் சாகுபடி நிலம் மட்டும் பேசப்படவில்லை. சேரி அமைந்திருந்த மனைநிலத்தின் மீதே மிராசுதார்கள் உரிமை கொண்டாடினர்; கூலி உயர்வு கேட்டாலோ வேறிடம் வேலைக்குச் சென்றாலோ குடிசையைக் காலி செய்யச் சொல்லி மிரட்ட அவர்களால் முடிந்தது. கால் ஊன்றும் மனை பிறர் கையில் இருக்கும்வரை எந்த உரிமையும் நிலைக்காது என்பது அன்றே அரசுக்குத் தெரிந்திருந்தது. பஞ்சமி நில மீட்புக்காக அதே செங்கல்பட்டுப் பகுதியின் காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தது, அந்த வாக்குறுதி எவ்வளவு காலம் நிறைவேறாமல் கிடந்தது என்பதற்குச் சாட்சி.

இன்னும் பின்னோக்கிப் போகலாம். குவாரிகள் மிகுந்த அதே உத்திரமேரூரில்தான் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. சுமார் 920-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டை மக்களாட்சியின் தொட்டில் என்று தலைவர்கள் மேடைதோறும் புகழ்கிறார்கள். சபையின் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதி என்ன என்று அதே கல்வெட்டு கூறுகிறது: கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், தன் சொந்த மனையில் வீடு கட்டி வாழ வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும். சொந்த மனை இல்லாதவருக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, அரசமைப்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட ஒரு விதியும், குவாரிக்கு அருகில் வாழ்பவர் யார் என்று எண்ணும்போது, சொந்த மனையையே அளவுகோலாகக் கொள்கிறது. இது திட்டமிட்ட வஞ்சகம் என்று நாம் கூறவில்லை. பழைய ஏற்றத்தாழ்வின் மேல் ஒரு பொதுவிதியை அப்படியே வைத்தால் அது பழைய ஏற்றத்தாழ்வையே மீண்டும் உற்பத்தி செய்யும் என்கிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. 2019 பிரிவினைக்கு முந்தைய காஞ்சிபுரம் மாவட்டத்திலோ அது ஏறத்தாழ 24 விழுக்காடு. இருளர்களோ ஒன்றிய அரசே மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என வகைப்படுத்திய தமிழகத்தின் 6 பழங்குடிகளுள் ஒருவர். நீர்நிலைப் புறம்போக்கில் உள்ள வீடுகளுக்குப் பட்டா தர முடியாது என்ற பதில் அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. நீர்நிலையைக் காப்பது அவசியமே. ஆனால் மாற்று மனையும் தராமல், இருக்கும் இடத்தையும் ஏற்காமல், அந்த இடைவெளியில் அருகிலேயே குவாரிக்கு மட்டும் குத்தகை தருவதை நீர்நிலைப் பாதுகாப்பு என்று எப்படி அழைப்பது?

விதிகள் மாறாதவை அல்ல

இவ்விதியை மாற்ற முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஓர் அரசாணையின் வழியே இதே 36-ஆவது விதியைத் திருத்தி, தேசியப் பூங்காக்கள், வனவிலங்குச் சரணாலயங்கள், யானை வழித்தடங்கள், காப்புக்காடுகள் ஆகியவற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்றது. பதின்மூன்று மாதங்களில், 2022 டிசம்பரில், காப்புக்காடுகள் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மாநிலத்தில் கனிமம் தாங்கிய நிலங்களுக்கான புதிய வரி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கட்டுமானப் பணிகள் தடைபட்டன, பேச்சுவார்த்தை நடந்தது, சலுகை கிடைத்தது. காட்டுக்காக ஒரு முறையும் தொழிலுக்காக இரு முறையும் அசைந்த விதிகள், குடியிருப்பிடம் என்ற ஒரு சொல்லின் விளக்கத்தை மட்டும் ஏன் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன? பேச்சுவார்த்தை மேசையில் இடம் உள்ளவர்களின் விதிகள் மாறுகின்றன என்பதைத் தவிர வேறு விடை நமக்குத் தெரியவில்லை.

உழைப்பவரும் நம்மவரே

குவாரிகளை எதிர்த்துப் பேசும்போது ஒரு சங்கடத்தை நேராக எதிர்கொள்ள வேண்டும். அவற்றில் வேலை செய்பவர்களில் பலர் தலித்துகளும் பழங்குடியினரும், இன்று வடமாநிலங்களிலிருந்து வந்த இவர்களையொத்த தொழிலாளர்களும் ஆவர். குவாரி மூடப்பட்டால் முதலில் அடுப்பு அணைவது இவர்கள் வீட்டில்தான். எனவே எல்லாக் குவாரிகளையும் மூடு என்று கூறுவது எளிது, பொறுப்புள்ள பேச்சன்று.

கல்குவாரி உழைப்பின் வரலாறு கொத்தடிமைத்தனத்தின் வரலாறும் ஆகும். அரியானாவின் பரிதாபாத் கல்குவாரிகளைப் பற்றிய பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கொத்தடிமைகளை அடையாளம் கண்டு விடுவிப்பதோடு தொழிலாளர்களுக்குத் தூய குடிநீர் வழங்கவும் உத்தரவிட்டது. கல் உடைப்பவருக்குக் குடிநீர் மறுக்கப்படுவது அன்றே நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்ற விஷயம். காஞ்சிபுரமும் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் வேலையில் கொத்தடிமைகளாக இருந்த 42 பேர் மீட்கப்பட்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். சில ஆயிரம் ரூபாய் முன்பணம் ஒரு குடும்பத்தைத் தலைமுறைக்கும் கட்டிப்போடக் காரணம், அக்குடும்பத்துக்குத் திரும்பிப்போகச் சொந்தமாக ஒரு மனை இல்லாமைதான். மனைப்பட்டாவின் தேவை இங்கும் வந்து நிற்கிறது.

மாற்றுவழி இருந்ததற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரிகளின் குத்தகை, அவற்றில் கூலியாக உழைத்த ஏழைப் பெண்களின் குழுக்களுக்கு அளிக்கப்பட்டது. ஒப்பந்தக்காரரிடம் அடிமைப்பட்டிருந்த பெண்கள் குத்தகைதாரர்களானார்கள். அந்த முயற்சி பிற்காலத்தில் தொடர விடப்படவில்லை என்பது நிர்வாகத்தின் தோல்வி, உழைத்தவர்களின் தோல்வியாகாது. பாறையை எங்கே, எவ்வளவு ஆழம், எந்த விலைக்கு வெட்டுவது என்பதை அதனருகே வாழ்பவர்களும் அதில் உழைப்பவர்களும் முடிவு செய்யும்போது, தம் கிணற்றைத் தாமே வற்றவைக்கும் ஆழத்துக்கு அவர்கள் எளிதில் போகமாட்டார்கள்.

செய்யக்கூடியவை

முதலாவதாக, 36-ஆவது விதியில் குடியிருப்பிடம் என்பதன் விளக்கம், மக்கள் உண்மையில் வாழும் எந்த இடத்தையும், பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளடக்குவதாகத் திருத்தப்பட வேண்டும். குவாரியைத் தடுக்க இரவோடிரவாகக் குடிசை போட்டுவிடுவார்கள் என்ற எதிர்வாதம் உடனே வரும். அது புறந்தள்ளத்தக்க வாதமன்று. அதற்கு விடையும் எளிதே. குத்தகை விண்ணப்ப நாளுக்கு முன்பே அம்முகவரியில் குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், மின் இணைப்பு, அங்கன்வாடிப் பதிவேடு, நூறு நாள் வேலை அட்டை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அவ்விடத்தைக் குடியிருப்பிடமாகக் கொள்ளலாம். வாக்குக் கேட்க வீடு தெரிகிற அரசுக்கு, வெடி வைக்கும்போது மட்டும் அந்த வீடு தெரியாமற் போக வேண்டியதில்லை.

இரண்டாவதாக, 300 மீட்டர் சான்றை ஒருவர் மேசையிலிருந்து எழுதுவது நிற்கவேண்டும். வருவாய்த்துறை, கனிமவளத்துறை, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை மூன்றும் கூட்டாகக் களத்தில் அளந்து, வீடுகளின் பட்டியலோடு கிராம சபையில் வைத்த பிறகே குத்தகை பரிசீலிக்கப்பட வேண்டும். புதிய குத்தகைக்கு முன் அக்குடியிருப்புக்கு மனைப்பட்டாவோ மாற்று மனையோ வழங்கி முடித்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, குவாரி இயங்கும் காலம் முழுவதும் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். முதல் அளவு, வெடி வைப்பதற்கு முன் எடுக்கப்பட்டதாக இருக்கவேண்டும். அந்த அடிப்படை அளவு இல்லாததால்தான் கிணறு வற்றியதற்குக் குவாரி காரணம் என்று மெய்ப்பிக்க இன்று எந்தக் குடும்பத்தாலும் முடிவதில்லை.

நான்காவதாக, 2015-இல் சட்டத்திருத்தத்தின் மூலம் உருவான மாவட்டக் கனிம அறக்கட்டளையின் நிதி. பிரதமரின் கனிமப் பகுதி நலத் திட்டத்துக்கான 2015 நெறிமுறைகள், இந்நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டைக் குடிநீர், சுகாதாரம், கல்வி போன்ற முன்னுரிமைப் பணிகளுக்கு ஒதுக்கவேண்டும் என்றன. பாதிக்கப்பட்டோரின் பட்டியலைக் கிராம சபையைக் கலந்து தயாரிக்க வேண்டும் என்றும் கூறின. அப்பட்டியலில் பட்டா இல்லாத குடும்பங்கள் உண்டா என்று ஒவ்வோர் ஊராட்சியிலும் கேட்கவேண்டும். கைவிடப்பட்ட குழியின் நீர் நகரத்துக்குப் போவதானால், சுத்திகரிக்கப்பட்ட அந்நீரின் முதல் குழாய் குழியின் விளிம்பில் உள்ள தெருவில் திறக்கப்பட வேண்டும் என்பதையும் நிபந்தனையாக்கலாம்.

ஐந்தாவதாக, 2015 திருத்தத்துக்குப் பிந்தைய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைப் பிறர் மாசுபடுத்துவதையும், அவர்களின் நிலம், வீடு, நீர் மீதான உரிமைகளைத் துய்க்கவிடாமல் தடுப்பதையும் குற்றங்களாக்கியிருக்கிறது. குவாரிப் புகார்களைக் கனிமவளத்துறைக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கும் காவல்நிலையங்கள் இப்பிரிவுகளையும் படித்துப் பார்க்கவேண்டும். சட்ட உதவி செய்யும் நம் தோழர்களும் இவற்றை இன்னும் போதிய அளவு கையாளவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாள்கள் கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். குவாரி உள்ள ஒவ்வோர் ஊராட்சியிலும் அன்று வழக்கமாகத் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிய உறுதிமொழி வாசிக்கப்படும். அதோடு ஊர் வரைபடத்தை மேசைமேல் விரிக்கச் சொல்வோம். குவாரியின் எல்லையிலிருந்து 300 மீட்டருக்கு ஒரு வட்டம் வரையச் சொல்வோம். அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டின் குடும்பத் தலைவர் பெயரையும் உரக்கப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வோம். இதற்குப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை. யாரும் இல்லை என்று சான்று எழுதப்பட்ட இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அரசின் ஒரு புத்தகத்திலாவது அன்று பதிவாகட்டும். பட்டாவுக்கான மனுவும், குத்தகைக்கு எதிரான வழக்கும், குடிநீருக்கான கோரிக்கையும் அந்தப் பக்கத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.